பாடப் போனவள்

1

இந்த வருடப் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். போன வாரம் மத்தியானம், மின்சாரம் இருந்த நேரமாகப் பார்த்து, தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். ஆசிய நாடுகள் பல சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிற பாட்டுப் போட்டி அது. நாட்டுக்கு ஒரு பாட்டு. மியன்மாரின் பாட்டை இந்த முறை ஓர் ஆண் தனியாகப் பாடுகிறார். துணைக்குரலுக்குப் பெண்கள் யாரும் இல்லை. இருக்க மாட்டார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் இப்போது நாங்கள் இரண்டு பேர்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் கணவர் ஆசீர் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். அணைத்த பிறகும் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஊரிலிருந்து இந்த இதழை நடத்துகிறவர்கள், யாங்கோன் வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையில் பபேடான் தெருவில் கிடைக்கிற மொஹிங்காவைப் பற்றி, மீன் குழம்பில் அவர்கள் சேமியாவைப் போட்டுச் சாப்பிடுகிற அழகைப் பற்றி, எழுதலாம் என்றுதான் இருந்தேன். உட்கார்ந்தால் இது ஒன்றுதான் வருகிறது. பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். மற்றபடி நடந்தது நடந்தபடி.

2

நான் சாயர்புரத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. ஆசீரின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கணக்கு எழுத வந்த குடும்பம். மகனுக்கு ஊரிலிருந்துதான் பெண் எடுக்க வேண்டும் என்று என் மாமியார் பிடிவாதமாக இருந்தார். பெண் பார்க்க வந்தபோது ஆசீர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு ஏணிப்படி ஏற வருமா?" என்பது. அந்தத் தமிழைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்காமல் கேட்டதற்குக் காரணம் இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெருவரை தொங்கும். அதன் நுனியில் பையை மாட்டி, கீழே போகிற கீரைக்காரியைக் கூப்பிட்டு, மேலே இழுத்துக்கொள்வோம்.

பர்மிய மொழி எனக்குப் பிடிபடவில்லை. 'ஙா' என்று ஒரு மாதிரி இழுத்தால் மீன். அதே இழுப்பில் ஐந்து என்றும் பொருள். இழுக்காமல் சொன்னால் நான். மீன் வாங்கப் போய் என்னையே விலை கேட்டிருக்கிறேன். சந்தையில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எங்கள் தெருவில் தமிழ் பேசுகிற கடைகள் இருந்தன, ஆலயத்தில் தமிழ் ஆராதனை இருந்தது, வீட்டில் மாமியார் இருந்தார். கடைத்தெருப் பர்மியம் போதும் என்று நின்றுவிட்டேன். இன்றுவரை நான் இந்த நாட்டில் வெளிநாட்டவள். வருடா வருடம் போய் வரிசையில் நின்று இங்கே தங்குவதற்கான சீட்டைப் புதுப்பித்து வருகிறேன்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் பிள்ளை பிறந்தாள். ஞானஸ்நானப் பெயர் லிடியா. பள்ளிக்கூடத்துக்கு லே லே வின். பள்ளியில் சேர்க்கும்வரை அவளுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. சேர்த்து ஆறு மாதத்தில் எல்லாம் தலைகீழானது. 'கலா' என்று வகுப்பில் கேலி செய்தார்களாம். இந்தியர்களை இங்கே இளப்பமாகச் சொல்கிற சொல் அது. பிள்ளை தமிழில் பேசுவதை நிறுத்தினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். என்னை மேமே என்பாள், அவள் அப்பாவைப் பேபே. இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

3

அவள் குரல் என் பக்கத்துக் குரல். நான் ஊரில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடினவள். இவளுக்கும் அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த குரல். பட்டாளம் ஆட்சியைப் பிடித்து நாட்டில் எல்லாம் மாறிப்போன அந்த வருடம் கல்லூரிக்குப் போக மாட்டேன் என்று அவளும் அவள் வயதுப் பிள்ளைகளும் உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு அவளுக்கு இருந்தது ஆலயப் பாடகர் குழு ஒன்றுதான். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு வந்திருந்த ஓர் அம்மாள் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, போட்டிப் பாட்டுக்குத் துணைக்குரல் பாட வருகிறாயா என்று கேட்டார். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் எல்லோரும் அவரைச் சயாமா என்றார்கள். ஆசிரியை என்று அர்த்தம். முன்னால் ஒரு புகழ்பெற்ற பாடகி, பக்கத்தில் வில் யாழ் வாசிக்கிறவர், பின்னால் நான்கு பெண்கள். போட்டி கொரியாவில், சியோல் நகரத்தில்.

லிடியா யோசிக்கக்கூட இல்லை, சரி என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஆச்சரியம். அரசுத் தொலைக்காட்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள்.

இரண்டாவது மாடியில் டோ கின் என்கிற அம்மா இருக்கிறார். டோ என்பது இங்கே பெரிய பெண்களின் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதைச் சொல். அவர் மகள் யமின் லிடியாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். செய்தி தெரிந்த அன்று யமின் மேலே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று சத்தமில்லாமல் ஏதோ சொன்னாள். லிடியா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யமின் போன பிறகு நான் கேட்டேன்.

"என்னட்டி சொன்னா?"

"ஒன்றும் இல்லை, மேமே," என்றாள் பர்மியத்தில்.

பிறகு டோ கின்னே என்னிடம் சொன்னார். நம் கூட்டாளிகள் எவ்வளவோ பேர் சிறையில் இருக்கிறார்கள், காட்டில் இருக்கிறார்கள், நீ இந்தப் பட்டாளத்துக்காரர்கள் அனுப்புகிற பாட்டைப் பாடப் போகிறாயா, இனிமேல் என் முகத்தில் விழிக்காதே என்று யமின் சொல்லியிருக்கிறாள். தோழிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். போனில் அவள் படத்தைப் போட்டுத் திட்டினார்கள். லிடியா ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. பிள்ளைக்குப் பாட்டு ஆசை வந்துவிட்டது, நாலு பேர் முன்னால் நிற்கிற ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். என் வயிற்றில் பிறந்தவளைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன்.

பாஸ்போர்ட் சுலபத்தில் வந்துவிட்டது. மற்ற நேரமாக இருந்தால் எங்களைப் போன்றவர்களின் அடையாள அட்டைக்கு அது நடக்கிற காரியமில்லை. முழுக் குடியுரிமை உள்ளவர்களின் அட்டை ஒரு நிறம். ஆசீரின் அட்டை வேறு நிறம், ஆகவே அவள் அட்டையும் வேறு நிறம். இனம் என்கிற இடத்தில் இந்தியா என்று தொடங்கி நீளமாக எழுதியிருக்கும். நாட்டுக்காகப் பாடப் போகிறவள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக வார்டு அலுவலகத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கள் மகள் குழுவோடு போய்க் குழுவோடு திரும்பி வருவாள், அதற்கு நாங்கள் பொறுப்பு என்று உறுதிமொழி. அலுவலர் நல்ல மனிதர்தான். எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகப் பேசினார்.

"டோ ரூபி, மகள் திரும்பி வந்துவிடுவாள், இல்லையா?"

"வராமல்? அவள் தனியாகத் தூங்கக்கூட மாட்டாள் ஐயா," என்று என் அரைகுறைப் பர்மியத்தில் சொன்னேன். அவர் சிரித்தார். ஆசீர் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டார்.

4

பயணத்துக்கு முந்தைய வாரங்களில் அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் நிறையப் பேசினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆசீர் கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். இப்போது சோற்றைப் பிசைந்தபடியே பேசுகிறார், அவள் கேட்கிறாள், திருப்பிச் சொல்கிறாள். எல்லாம் பர்மியத்தில், வேகமாக. எனக்குத் தெரிந்த சொற்கள் மட்டும் அங்கங்கே காதில் விழும். குளிர்ச்சட்டை. பஸ். கூட்டாளி. அறை. சாப்பாடு. பிள்ளை புது ஊருக்குப் போகிறாள், அப்பா புத்தி சொல்கிறார் என்று குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நானும் அவளும் சேர்ந்துதான் லான்மடாவ் பக்கம் போய்க் கம்பளிகள் வாங்கினோம். இரண்டு கனத்த கோட்டு, உள்ளே போடுகிற பனியன்கள், காலுறைகள்.

"ஏட்டி, ஒரு வாரத்துக்கு எதுக்கு இத்தனை?"

"அங்கே ரொம்பச் சான்தே, மேமே," என்றாள், தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டி. குளிரைச் சொல்கிறாள். வாங்கிக் கொடுத்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் அவள் தலையை நான்தான் பின்னிவிட்டேன். "வரும்போது என்ன செஞ்சு வைக்கட்டும்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. முகத்தைப் பார்க்கலாம் என்றால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "சுறாப்புட்டு, மேமே," என்றாள்.

நான் சென்னை விமான நிலையத்திலிருந்து கிளம்பிய நாள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் என் அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். கண்ணாடியில் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்ட மாதிரி தலையை ஆட்டினேன். மறுபடி அவரைப் பார்க்க எனக்கு நாலு வருடம் ஆனது. லிடியாவுக்கு ஒரே வாரம்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

5

போட்டியன்று எங்கள் மாடியில் மின்சாரம் இல்லை. டோ கின் வீட்டில் பேட்டரி உண்டு. "வாருங்கள், பிள்ளையைப் பார்க்க வேண்டாமா," என்று அவரே கூப்பிட்டார். யமின் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான், ஆசீர், டோ கின், எதிர்வீட்டு ஆட்கள் சிலர். டோ கின் தேநீர் இலைச் சாலட் பிசைந்து வைத்திருந்தார்.

பாட்டு சுற்றுலா விளம்பரம் போல இருந்தது. பொன் பகோடாக்கள், பூக்கள், ஆறு, சிரிக்கிற மக்கள். நாங்கள் நடக்கிற தெரு அந்தப் பாட்டில் இல்லை. ஆனாலும் அந்த வில் யாழ் ஆரம்பித்தவுடன் என் உடம்பு சிலிர்த்தது. நான்கு பெண்களும் பச்சைப் பட்டு உடுத்தி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, பின்வரிசையில் நின்றார்கள். என் பிள்ளை ஓரத்தில், நிறம் கொஞ்சம் மட்டு என்பதால் வெளிச்சம் குறைந்த பக்கமாக. கேமரா பாடகியை விட்டு நகரவே இல்லை. கடைசிச் சரணத்தில் பாடகி மூச்சு வாங்க நிறுத்தியபோது நான்கு பேர் மட்டும் பாடினார்கள். அப்போதுதான் அவள் முகம் வந்தது. வாயைத் திறந்து, கண்ணை மூடாமல், நேராகப் பார்த்துப் பாடினாள். நாலு குரலில் அடியில் கிடந்து தாங்குகிற குரல் எது என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்றுவிட்டேன்.

"லே லே! நம்ம லே லே!" என்று டோ கின் கைதட்டினார்.

ஆசீரைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் கவிழ்த்துத் தேம்பிக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அம்மா செத்தபோதுகூட இல்லை. மகளின் பெருமை தாங்காமல் அழுகிறார் என்று நினைத்து, நாலு பேர் முன்னால் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அதான் நல்லாப் பாடிட்டால்லா, என்னத்துக்கு அழுதிய?" என்றேன்.

மியன்மாருக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு ஆட்கள் முடிவு சொல்லும் முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

6

குழு திரும்பும் அன்று மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போனோம். காலையிலேயே சுறா வாங்கி, அவித்து, முள் எடுத்து, புட்டு செய்து மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆசீர் தண்ணீர் போத்தலும் அவளுடைய குடையும் அடங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

வில் யாழ்க்காரர் வந்தார். பாடகி கறுப்புக் கண்ணாடியோடு வந்து யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார். பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, இன்னொருத்தி, மூன்றாவது. மூன்று பேரும் என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பெட்டி வர நேரமாகியிருக்கும் என்று நான் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சயாமா வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்கள் மகள் உங்களுக்கு போன் செய்தாளா?"

அந்தப் பர்மியம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் விடுதி அறையில் அவள் படுக்கை காலியாக இருந்ததாம். பச்சைப் பட்டை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாளாம்.

எங்களை ஓர் அறைக்குள் கூட்டிப் போனார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் பிள்ளையைப் புது ஊரில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு கத்தினேன். "யய்யா, என் பிள்ளையைத் தேடுங்களேன்! அவளுக்கு வழி தெரியாதே! யாருகிட்டயும் போகமாட்டாளே! தேடாம இங்க என்னத்த எழுதுதிய!"

"இந்த அம்மா என்ன சொல்கிறாள்?" என்று ஓர் அதிகாரி ஆசீரிடம் கேட்டார்.

ஆசீர் ஒவ்வொரு சொல்லாக அவருக்குப் பர்மியத்தில் சொன்னார். மகளைத் தேடித் தரச் சொல்கிறாள். அவளுக்கு வழி தெரியாது என்கிறாள். யாரிடமும் போகமாட்டாள் என்கிறாள். குரல் நடுங்காமல், நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நான் தொடர்ந்தால் தொடர்ந்து சொன்னார். அந்த அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார். ஒரு பெண் காவலரைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

7

நாலைந்து நாள் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. உபவாசம் என்று சொன்னேன். முழங்காலில் நின்று ஜெபிப்பதும் படுப்பதுமாக இருந்தேன். சுறாப்புட்டு கெட்டு நாற்றம் எடுத்தது. அதைக் கொட்டத் தூக்கியபோது தலை சுற்றி அடுப்பங்கரையில் விழுந்தேன். ஆசீர் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தார். வாயில் சீனித் தண்ணீர் ஊற்றினார். ஒரு தட்டில் சோறு போட்டுப் பிசைந்து உருட்டினார்.

"ரூபி, சாப்பிடு. பிள்ளை நல்லா இருக்குது."

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு," என்றேன்.

"ரூபி. பிள்ளை நல்லா இருக்குது. சாப்பிட்டுது. கூட ரெண்டு பர்மாப் பெண்டுகள் இருக்கிறாங்க."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டத்தைப் பற்றி மெதுவாகப் பேச ஆரம்பித்தார். பையன்களை எடுத்தாயிற்று, அடுத்தது பெண்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. இந்த அட்டையை வைத்துக்கொண்டு வேறு எந்த வழியாலும் அவளை வெளியே அனுப்பியிருக்க முடியாது. பாட்டு ஒன்றுதான் கதவு. அதனால்தான் பிள்ளை போனாள். அங்கே இருப்பதற்கு மனு போடுவது, யார் வீட்டில் தங்குவது, எந்த பஸ்ஸில் ஏறுவது, எல்லாம் முன்பே பேசி வைத்தது.

"எங்க வச்சுப் பேசுனிய?"

அவர் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார்.

என் கண் முன்னால் பேசியிருக்கிறார்கள். நான் குழம்பு ஊற்ற, ஊற்ற. குளிர்ச்சட்டை, பஸ், கூட்டாளி, அறை.

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே. நான் தடுத்திருப்பேன்னு நெனச்சியளோ?"

"தடுத்திருக்க மாட்டே. ஆனா உனக்குப் பொய் சொல்ல வராது. வார்டு ஆபீசிலே அந்த ஆள் கேட்டான் இல்லையா? உன் முகத்தைப் பார்த்துத்தான் அவன் முத்திரை குத்தினான். ஏர்போட்டிலேயும் உன்னைப் பார்த்துத்தான் விட்டான். எல்லாம் தெரிஞ்ச முகமா இருந்திருந்தா நம்மை விட்டிருப்பானா?"

அவர் சொன்னது சரிதான். இன்றைக்கு யோசித்தாலும் சரிதான். நான் மார்பில் அடித்துக்கொண்டதுதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. அதற்காகத்தான் என்னை ஒன்றும் தெரியாதவளாக வைத்திருந்தார்கள். அது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் வலி குறையவில்லை. தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சுறாப்புட்டு என்று சொல்லும் முன் அத்தனை நேரம் அவளுக்கு எதற்கு ஆனது என்று எனக்கு அன்று விளங்கியது.

மறுநாள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. யமின். எங்களைத் தாண்டி லிடியாவின் அறைக்குள் போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி உருப்படியாகக் கிடையாது. அன்று அது தேவைப்படவில்லை.

8

ஒரு வருடம் போய்விட்டது. ஆசீர் மாதா மாதம் வார்டு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறார். மகளிடமிருந்து செய்தி உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்பார். லிடியாவின் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டார்கள். இனி அவள் இந்த ஊருக்கு வர முடியாது. அங்கிருந்து வேறெங்கும் போகவும் முடியாது. அவளுடைய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

என் தம்பி ஊரிலிருந்து பேசும்போதெல்லாம், "அக்கா, நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்க," என்கிறான். ஆசீருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மாட்டார்கள். நான் மட்டும் போனால், எல்லாம் தெரிந்துதான் போய்விட்டாள் என்று அவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே இருக்கிறேன். அவரோடு பேசாமல் இருந்த மாதங்களும் உண்டு. இப்போது பேசுகிறேன். உப்பு இருக்கிறதா, மின்சாரம் எப்போது வரும், இந்த மாதிரி.

லிடியா யாருடைய எண்ணிலிருந்தாவது கூப்பிடுவாள். அப்பாவிடம் பர்மியத்தில் பேசுவாள். பிறகு போன் என்னிடம் வரும், அப்போதும் அவள் பர்மியம்தான். "மேமே, சாப்பிட்டீர்களா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன்." அத்தோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு தீர்ந்துவிடும். இன்னும் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் எதைச் சொல்லுவாள், எதை மறைப்பாள் என்று எண்ணிக்கொண்டே போனை அவரிடம் கொடுத்துவிடுவேன்.

இந்த வருடப் பாட்டை அறிவித்த மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள். ஆசீர் வார்டு அலுவலகத்துக்குப் போயிருந்தார்.

"பேபே வீட்டுல இல்லம்மா," என்றேன்.

அவளுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தமும் பெண்கள் பர்மியத்தில் பேசிச் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"அம்மா," என்றாள்.

பதினாறு, பதினேழு வருடமாகக் கேட்காத சொல்.

"அம்மா, இங்க எல்லாரும் இருக்காங்க. அதான் தமிழ்." நிறுத்தி நிறுத்தி வந்தது. "அவங்களுக்குத் தமிழ் தெரியாது. அப்பாகிட்ட சொல்லாத. சரியா?"

"என்னம்மா? என்ன ஆச்சு?"

அவள் தேடினாள். சொல்லைத் தேடுகிற மூச்சுதான் கேட்டது. அவள் வேலை செய்வது ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுக்களையில். அது எனக்குத் தெரியும்.

"கைல உவ்வா, அம்மா."

காயம், புண், வெந்துவிட்டது என்று சொல்லுவதற்கு அவளிடம் தமிழ் இல்லை. பள்ளிக்கூடம் போகும்வரை நான் அவளுக்குக் கொடுத்தது எதுவோ அதுதான் இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண் அதைச் சொன்னாள்.

"பெரிய உவ்வாவா?"

"பெரிசு. சூடு தண்ணி. அப்புறம்..." மறுபடி தேடினாள். "அப்புறம், எனக்குப் பூச்சாண்டி, அம்மா. ராத்திரி பூச்சாண்டி."

பயமாக இருக்கிறது என்கிறாள்.

என்ன மருந்து போட்டாய், வைத்தியரிடம் போனாயா, வேலையை விட்டுவிடு, எத்தனையோ கேட்க வேண்டும். கேட்டால் அவளுக்குப் புரியாது. பர்மியத்தில் கேட்க எனக்கு வராது. நான் அவள் தமிழிலேயே பேசினேன். அழக்கூடாது, கண்ணு. கைல தண்ணி படக்கூடாது. பூச்சாண்டி வரமாட்டான், அம்மா அடிச்சிருவேன். அவள் 'ம்' கொட்டினாள். "அம்மா ஊதுறேன், கையைக் காட்டு," என்றேன். போனில் முகம் தெரியாத அழைப்பு அது. ஆனால் அவள் கையை நீட்டியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். போனை வாய்ப்பக்கம் வைத்து ஊதினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ அவளைப் பர்மியப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வரேன்மா," என்று வைத்துவிட்டாள்.

ஆசீர் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து என் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"பிள்ளையா?"

"ஆமா."

"என்ன சொல்லுது?"

"நல்லா இருக்காளாம். குளிர்தான் கொஞ்சம் சாஸ்தியாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்வையை நகர்த்தவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுக் கால் கழுவ எழுந்து போனார்.

அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.